காலி பிக்கப்பும் நாலுவழிச் சாலையும்

டபுள் கேபின் பிக்கப்பைத் தோட்டத்துக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே வண்டியாக வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். மண் பாதையில் இறக்கினால் குறை இல்லை, லோடு ஏற்றினால் இன்னும் நன்றாகவே ஓடுகிறது, ஆனால் காலியாக நாலுவழிச் சாலையில் 90, 100 என்று போகும்போது பின்பக்கம் துள்ளுகிறது, பாலத்தின் இணைப்பு வந்தால் வால் ஒரு எட்டு தள்ளி விழுகிறது, ஆம்னி பஸ் முந்திப்போனால் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது, பின் சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கோ கோவில்பட்டி தாண்டுவதற்குள் இடுப்பு கழன்றுவிடுகிறது. என் வண்டியும் அப்படித்தான் இருந்தது. இப்போது பரவாயில்லை. கார் ஆகிவிடவில்லை, ஆகவும் ஆகாது. ஆனால் திருநெல்வேலியில் கிளம்பி சென்னையில் இறங்கும்போது தோள்பட்டை வலிப்பதில்லை, அது போதும்.

இதற்கு என்ன வழி என்று நாலு பேரிடம் கேட்டால் மூன்று பேர் லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் செட்) போடு, பெரிய டயர் போடு என்பார்கள். பார்க்க மிடுக்காகத்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். நெடுஞ்சாலைக்கு இரண்டுமே நேர் எதிர் மருந்து. அது ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன், முதலில் வண்டி ஏன் துள்ளுகிறது என்று பார்த்துவிடலாம்.

இந்த வண்டிகளின் பின்பக்கம் லோடு தாங்கச் செய்தது, ஆள் சுகத்துக்குச் செய்ததல்ல. இசுஸு வி-கிராஸ் ஆகட்டும், டொயோட்டா ஹைலக்ஸ் ஆகட்டும், அடிப்படை ஒன்றுதான்: முன்னால் டபுள் விஷ்போனும் (ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடிக்கும் மேல், கீழ் ஆர்ம்கள்) காயில் ஸ்பிரிங்கும், பின்னால் இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஒரே கட்டையாக ஓடும் ஆக்ஸிலும் பட்டைகளும் (லீஃப் ஸ்பிரிங்). ஒருமுறை பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பட்டைகளைப் பாருங்கள். மேலே உள்ளவை வில்லாக வளைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அவற்றுக்கு அடியில் தடிமனாக ஒரு பட்டை இருக்கும், அதிகம் வளையாமல், முனையில் விரல் நுழைகிற இடைவெளி விட்டு, மற்றதைத் தொடாமல். லோடு ஏறி மேல்பட்டைகள் அமுங்கி நேரான பிறகுதான் அது வேலைக்கு வரும். காலியாகப் போகும்போது அதற்கு வேலையே கிடையாது, மேலே இருப்பவற்றுக்கும் பாதி வேலைதான். பட்டை வளைந்து கொடுக்காதபோது ரோட்டின் உதை அப்படியே சேஸிஸுக்கு ஏறுகிறது. போதாக்குறைக்கு டிஃப்ரன்ஷியல், ஆக்ஸில், பிரேக் டிரம், இரண்டு சக்கரம் என்று ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற கனம் அதிகம், மேலே அழுத்துகிற கனம் குறைவு. வளைவில் ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறினால் மறுபக்கத்தையும் சேர்த்து இழுக்கும், சக்கரம் தரையை விட்டுக் கொஞ்சம் எழும், அந்த இமைக்கிற நேரத்தில் வால் வெளிப்பக்கம் நகர்ந்துவிடும். மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டில் காலி பிக்கப்கள் சுற்றிக்கொண்டு சென்டர் மீடியனில் முட்டி நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி ஓட்டுகிறவர்.

சரி, காசு செலவில்லாத வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் வித்தியாசத்தில் பெரும்பங்கு அதில்தான் கிடைக்கிறது. காற்று. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பல பிக்கப்களில் பின்சக்கரத்துக்குக் காலிக்கு ஒன்று, முழு லோடுக்கு ஒன்று என்று இரண்டு அளவு போட்டிருப்பார்கள். இதை யாரும் படிப்பதில்லை. காத்துப் பிடிக்கிற இடத்தில் "பிக்கப்தானே, பின்னாடி 50 வச்சிரவா" என்று கேட்டுக்கொண்டே, நாம் பதில் சொல்வதற்குள் ஏற்றி முடித்திருப்பார்கள். முழு லோடுக்கான காற்றோடு காலி வண்டியை ஓட்டினால் டயரின் நடுப்பகுதி மட்டும்தான் தரையில் படும், டயர் கொஞ்சம்கூட அமுங்காது, துள்ளல் இரட்டிப்பாகும், பிரேக் பிடிக்கும்போது பிடிமானமும் குறையும். அதற்காக ஸ்டிக்கரில் உள்ளதற்குக் கீழே இறக்குவதும் ஆபத்து, வேகத்தில் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி டயர் வெடிப்பதே அப்படித்தான்.

அளவு எப்போதும் காலையில், வண்டி கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டும். டயருக்குள் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ ஏறிவிடும், அதனால் சித்திரை வெயிலில் மதுரை வரைக்கும் ஓட்டிவிட்டு பங்க்கில் நிறுத்தி "அதிகமா இருக்கு, குறைச்சிரவா" என்று சொல்வதைக் கேட்டுக் குறைத்தால், மறுநாள் காலையில் டயரில் காற்று குறைவாகத்தான் இருக்கும். ஒரு சின்ன கேஜ் வாங்கி வண்டியில் போட்டுவிடுங்கள், பங்க் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதை நான் பார்த்ததில்லை.

டயரை மாற்றிவிட்டதால் ஸ்டிக்கர் அளவு பொருந்துமா என்று சந்தேகம் இருந்தால் ஒரு சாக்பீஸ் போதும். டயரின் தரை படும் பகுதியில் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை பட்டையாக ஒரு கோடு போட்டு, சமதளமான தார் ரோட்டில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கிப் பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் அழிந்து இரண்டு ஓரமும் வெள்ளையாக இருந்தால் காற்று அதிகம். ஓரம் அழிந்து நடு மிச்சம் இருந்தால் குறைவு. கோடு முழுக்க ஒரே மாதிரி மங்கியிருந்தால் அந்த லோடுக்கு அதுதான் சரியான காற்று. என் வண்டியில் முன்பக்கம் ஒழுங்காக வந்தது, பின்பக்கம் இரண்டு ஓரமும் பளிச்சென்று வெள்ளையாக நின்றது. காற்றைக் கொஞ்சம் இறக்கி மறுபடி கோடு போட்டுப் பார்த்து, ஸ்டிக்கரின் காலி அளவுக்கு வந்தபோது கோடு சமமாக அழிந்தது. அன்றைக்கே பின் சீட்டிலிருந்து புகார் பாதியாகக் குறைந்துவிட்டது.

டயர் மாற்றும் முறை வரும்போது, உங்கள் ஓட்டம் பெரும்பாலும் தார் ரோடு என்றால் ஹைவே டெரைன் போடுங்கள். முரட்டுக் கட்டை வைத்த மட் டெரைன் டயர் 90-க்கு மேல் ஓலமிடும் என்பது ஒரு பக்கம், அந்த உயரமான கட்டைகள் ஒவ்வொன்றும் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது நெளியும், அதனால் நீங்கள் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் இடையில் ஒரு தாமதம் இருந்துகொண்டே இருக்கும். தோட்டத்துக்குள்ளும் போக வேண்டும் என்பவர்களுக்கு ஆல் டெரைன் நடுவழி. இரண்டு மூன்று பிராண்டைக் கலந்து போடாதீர்கள், முக்கியமாகப் பின்னால் இடது ஒன்று வலது ஒன்று வேண்டவே வேண்டாம்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். துள்ளுகிறது என்றால் உடனே ஸ்பிரிங் பட்டறைக்குத்தான் ஓடுகிறார்கள், ஆனால் துள்ளலை நிறுத்துவது ஸ்பிரிங்கின் வேலை இல்லை. ஊஞ்சலை ஒரு தள்ளு தள்ளிவிட்டால் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும், யாராவது காலை ஊன்றினால்தான் நிற்கும், அந்தக் கால்தான் ஷாக். ஷாக்குக்குள் எண்ணெய் சின்னத் துளைகள் வழியாக நெருக்கப்பட்டு ஓடும், ஆட்டம் அங்கே சூடாக மாறும். அதனால் அது வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்கக் கையே போதும். கரடுமுரடான ரோட்டில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, நாலு ஷாக்கையும் புறங்கையால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள் (சைலன்சர் பக்கம் கையைக் கொண்டுபோகாமல்). நாலும் ஒரே மாதிரி சுடவேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது செத்துவிட்டது, சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேலே எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடலாம். என் வண்டியில் கசிவு எதுவும் இல்லாத ஒன்றுதான் குளிர்ந்திருந்தது.

மாற்றுவதென்றால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், முடிந்தால் நாலையும். கம்பெனி ஷாக்கே மறுபடி போட்டாலும் புதுசு புதுசுதான். கொஞ்சம் கூடுதல் செலவு செய்ய முடிந்தால் கேஸ் நிரப்பிய மோனோட்யூப் ஷாக் நெடுந்தூர ஓட்டத்துக்கு நல்லது. ஒரே குழாய் என்பதால் சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும், எண்ணெயில் நுரை கட்டுவது குறையும், மணிக்கணக்காக ஓட்டினாலும் கடைசியில் தொய்ந்துபோகாது. ஒரு விஷயம் மட்டும் கவனம்: ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் எமு மாதிரி ஆட்கள் பட்டையையும் ஷாக்கையும் லோடு வாரியாகப் பிரித்து விற்கிறார்கள், எப்போதும் காலியாகப் போகிறவருக்கு ஒன்று, நிரந்தரமாகச் சில நூறு கிலோ சுமப்பவருக்கு வேறொன்று. கனத்தது என்றால் உசத்தி என்று நினைத்துக் கனமான செட்டை வாங்கிப் போட்டுவிட்டு, முன்பைவிட அதிகமாகத் துள்ளுகிறதே என்று தலையில் கை வைத்தவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் பட்டை. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும், அப்போதுதான் வளையும். சேறும் துருவும் ஏறிக் காய்ந்துவிட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டி இரும்பாகிவிடும். ஸ்பிரிங் பட்டறையில் கழற்றி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, முனைகளில் இருக்கிற பிளாஸ்டிக் வில்லை தேய்ந்திருந்தால் மாற்றி, பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் சேக்கிளின் ரப்பர் புஷ்ஷையும் புதுசாகப் போட்டுக் கட்டினாலே வண்டி வேறு வண்டி. புஷ் தேய்ந்திருந்தால் வளைவில் ஆக்ஸில் கொஞ்சம் கோணலாக நகரும், அதாவது பின்சக்கரங்கள் நம்மைக் கேட்காமல் தாங்களாகவே ஸ்டியரிங் பிடிக்கும். பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யு போல்ட்டைச் சரியான இறுக்கத்துக்கு முறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள், கொஞ்ச தூரம் ஓடியபிறகு ஒருமுறை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள்.

அங்கே போனபோது பட்டறை அண்ணாச்சி ஒரு யோசனை சொன்னார், "ஒரு பட்டைய உருவிருவோம், மெத்துமெத்துன்னு போவும்." போகத்தான் செய்யும். ஆனால் வருஷத்தில் நாலு நாள் உரமூட்டை ஏற்றினாலும் மீதிப் பட்டைகள் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும், மேலும் பட்டையின் வேலை தாங்குவது மட்டும் இல்லை, ஆக்ஸில் முன்னும் பின்னும் நகராமல், கியர் போட்டு அழுத்தும்போது உருண்டுவிடாமல் பிடித்து வைப்பதும் அதுதான். பட்டை குறைந்தால் கிளம்பும்போது எஸ் மாதிரி நெளியும். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாழ்நாள் முழுக்கக் காலியாகவே ஓட்டப்போகிறேன் என்பவருக்குக்கூட, அதற்கென்று செய்த மென்மையான பட்டை செட்டைத்தான் சொல்வேன்.

ஸ்டியரிங் அலைவதற்கு வருகிறேன். வண்டி நேராகப் போகும்போது சின்னச் சின்னத் திருத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டியிருந்தால், அலைன்மென்டுக்கு விடுமுன் ஆட்டம் எங்கே என்று பார்க்க வேண்டும். இஞ்சினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டியரிங்கை மணி பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் சும்மா அசைக்க, இன்னொருவர் கீழே படுத்து முன்சக்கர இணைப்புகளான டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், ஆர்ம் புஷ் ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் பார்த்தால் எது முதலில் ஆடிவிட்டு அப்புறம் இழுக்கிறது என்று விரலே சொல்லிவிடும். தேய்ந்த பாகத்தோடு அலைன்மென்ட் செய்வது காசுக்குக் கேடு.

அலைன்மென்ட் கடையில் பெரும்பாலும் டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மட்டும் திருத்திவிட்டு, திரையில் பச்சை வந்துவிட்டது என்று அனுப்பிவிடுவார்கள். நேராக ஓடும் குணத்துக்கு முக்கியம் கேஸ்டர். முன்சக்கரம் திரும்புகிற அச்சு மேல்பக்கம் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வுதான் ஸ்டியரிங்கை விட்டால் தானாக நேருக்குக் கொண்டுவருகிறது. அது குறைந்தால் வண்டி அலையும், வலதுக்கும் இடதுக்கும் வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கம் இழுக்கும். "தம்பி, கேஸ்டர் எவ்வளவு காட்டுது" என்று கேட்டேன். "அது செட்டிங் கிடையாதுண்ணே" என்றான். கீழ் ஆர்மின் போல்ட்டில் துளை நடுவில் இல்லாத வாஷர், பக்கத்தில் கோடு கோடாக அளவு, இத்தனையும் சும்மாவா வைத்திருப்பார்கள்? காட்டியபிறகு செய்து கொடுத்தான், நன்றாகவே செய்தான். கம்பெனி கொடுத்த எல்லைக்குள் கேஸ்டரை அதிகப் பக்கமாக, இரண்டு பக்கமும் சமமாக வைக்கச் சொல்லுங்கள், ஸ்டியரிங் ஒரு துளி கனக்கும், நெடுஞ்சாலையில் அது நல்லதுதான். வழக்கமாகப் பின்னால் கொஞ்சம் பாரத்தோடு ஓட்டுவீர்கள் என்றால் அந்தப் பாரத்தோடேயே கொண்டுபோங்கள்.

பாரம் என்றதும், பின்பாடியில் நூறு, நூற்றைம்பது கிலோ வைத்தால் வண்டி அடங்கும் என்பது ஊரறிந்த ரகசியம். உண்மைதான். மணல் மூட்டை, தண்ணீர் கேன், அரிசி, எதுவானாலும் சரி, ஆனால் எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே அல்லது கொஞ்சம் முன்னால், கேபினை ஒட்டி. டெயில்கேட்டை ஒட்டி வைத்தால் தராசு மாதிரி முன்பக்கம் எழும். கணக்குப் போட்டே பார்க்கலாம்: இரண்டு ஆக்ஸிலுக்கும் இடையே 3.1 மீட்டர் இருக்கிற வண்டியில் பின் ஆக்ஸிலிலிருந்து 1 மீட்டர் பின்னால் 200 கிலோ வைத்தால் முன்சக்கரத்திலிருந்து சுமார் 65 கிலோ எடை போய்விடும். ஸ்டியரிங் லேசாகி அலைவதற்கு அது தாராளம். எதை வைத்தாலும் கயிறு போதாது, ராட்செட் பெல்ட் போட்டு இறுக்குங்கள், திடீர் பிரேக்கில் கட்டாத மூட்டை கேபின் கண்ணாடியைத்தான் தேடி வரும்.

இதெல்லாம் செய்தும் தீராத ஒன்று காற்று. காவல்கிணறு தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் போகிறவர்களுக்குத் தெரியும், தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற மாதங்களில் கணவாய் வழியாக வருகிற காற்று எப்படி அறையும் என்று. காற்றாலைகளை அங்கே சும்மா நடவில்லை. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை பக்கம் பாலக்காட்டுக் கணவாயின் காற்றும் இதே ரகம். பிக்கப் உயரம், பின்பக்கம் கனம் இல்லை, லாரியின் மறைவிலிருந்து வெளியே வரும் அந்த நொடியில் மொத்தமாகத் தள்ளும். அங்கே எந்த ஷாக்கும் காப்பாற்றாது, 70-க்கு இறங்கிவிட வேண்டியதுதான். லூசாகக் கட்டிய தார்ப்பாயை அவிழ்த்து மடித்து உள்ளே வையுங்கள், அது காற்றைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஆட்டும்.

இனி அந்த லிஃப்ட் கிட். முன்பக்கம் ஸ்பேசர் வைத்து உயர்த்தினால் கேஸ்டர் குறையும், டோ மாறும், பால் ஜாயின்ட் தன் எல்லைக்குப் பக்கத்திலேயே வேலை செய்யும், ஃபோர் வீல் வண்டியில் முன் ஆக்ஸில் ஷாஃப்ட் கோணம் கூடி அதன் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். புவியீர்ப்பு மையம் மேலே போவது தனி. பின்பக்கத்தை உயர்த்துவதில் இன்னொரு சங்கதி இருக்கிறது, பல பிக்கப்களில் சேஸிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே ஒரு கம்பி போய் பிரேக் வால்வில் சேரும், சேஸிஸ் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைப் பங்கிடும். வண்டியைத் தூக்கிவிட்டால் லோடு இருந்தாலும் காலி என்றே நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துக் கொடுக்கும். பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும்: 245/70 ஆர் 16 இருந்த இடத்தில் 265/70 ஆர் 16 போட்டால் விட்டம் 28 மில்லிமீட்டர் கூடும், மீட்டர் 100 காட்டும்போது நீங்கள் ஏறக்குறைய 104-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். இது போக மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது. விபத்து என்று ஒன்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் நோண்டுவார். மலை ஏறிச் சேற்றில் இறங்குவதே பொழுதுபோக்கு என்பவர்கள் கதை வேறு, நான் அவர்களோடு சண்டைக்கு வரவில்லை.

பின்பக்கத்துக்கு ஆன்டி ரோல் பார் (இடது, வலது பக்கங்களை இணைக்கும் கம்பி) போடலாமா என்று சிலர் கேட்பார்கள். வளைவில் சாய்வு குறையும், நிஜம். ஆனால் பின்பக்கத்தை இறுக்க இறுக்க வழுக்குவதும் முதலில் பின்பக்கமாகவே இருக்கும், ஏற்கெனவே வால் லேசான வண்டிக்கு, அதுவும் ஐப்பசி மழையில், எனக்கு அதில் இஷ்டமில்லை.

ஓட்டுவதில் மாற்றிக்கொண்டது கொஞ்சம்தான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் லேசாக ஆக்ஸிலரேட்டரோடு போவது. தொப்பூர் மாதிரி நீண்ட இறக்கத்தில் கியரைக் குறைத்து இஞ்சின் பிடியிலேயே இறக்குவது. கனமழை என்றால் நேரான ரோட்டில் ஃபோர் எச் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டுக்கொண்டால் பிடிமானம் தெரியும், ஆனால் சென்டர் டிஃப்ரன்ஷியல் இல்லாத பார்ட் டைம் ஃபோர் வீலில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொண்டு சுற்றும், வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் போக வேண்டியிருந்தும் அதற்கு வழி இருக்காது, எல்லா இழுவையும் முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் போய் நிற்கும். பிரேக் பிடிக்கும் தூரமும் அதனால் குறைந்துவிடாது. அதனால் மழை விட்டு ரோடு காய ஆரம்பித்ததும், டோல்கேட்டில் ஃபாஸ்டேக் வரிசையில் நிற்கும்போதாவது ஞாபகமாகப் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் டூ எச்சுக்கு மாற்றிவிடுங்கள்.